பப்படமும் மெனுபெக்சர் என்ற சொல்லும்

அண்ணி செய்த பப்படம் அளவுக்கு மீறி வட்டமாக இருந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் ஒரு கார்மெண்டில் வேலை செய்தார். முழுச் சட்டை ஒன்றை அவர் அங்கே தைத்ததே இல்லை, கொலர் மட்டும்தான். ஒரு கொலர் இன்னொன்றைவிட நூலளவு அகன்றுவிட்டால் சுப்பர்வைசர் பிரித்துப் போடச் சொல்லிவிடுவார். ஒருநாள் அந்தக் கார்மெண்டை மூடிவிட்டார்கள். எதையும் ஒரே மாதிரித் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் மட்டும் அண்ணியின் கையில் மிஞ்சியது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக் குசினியில் அவர் பப்படம் போட ஆரம்பித்தபோது, கொலருக்குக் காட்டிய அந்த ஒழுங்கை மாவிடமும் காட்டினார்.

உளுந்து மாவில் உப்பும் பப்படக் காரமும் சேர்த்துப் பிசைந்து, உலக்கையால் இடித்து, எண்ணெய் தொட்டு உருட்டி, கட்டையால் மெல்லிசாகத் தேய்ப்பார். அதன்மேல் பால்மா டின்னின் மூடியை வைத்து ஒரு அழுத்து. கவராயம் வைத்துக் கீறியது போன்ற வட்டம் வரும். கண்டி மழையை நம்பி எதையும் வெளியே காயப்போட முடியாது என்பதால், அண்ணன் பழைய நுளம்பு வலையை மரச்சட்டத்தில் அடித்து அடுப்புக்கு மேலே கட்டிக் கொடுத்திருந்தார். அண்ணன் பஸ் ஓட்டுபவர். வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. இருக்கும் நேரத்தில் தலை அந்தச் சட்டத்தில் இடிபடும்.

நான் அதே வீட்டின் மாடி அறையில் இருக்கிறேன். கண்டி டவுனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் பின்பக்கம் மேசை போட்டு மொழிபெயர்ப்புச் செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, இருமல் பாணி குடிக்கும் முறை என்று எது வந்தாலும் செய்வேன். விற்கும் சாமானின் பொதியில் மூன்று மொழியும் வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் எனக்குச் சோறு.

அப்படி ஒரு ஹோட்டலுக்குச் சாப்பாட்டு அட்டையை மொழிபெயர்த்துக் கொடுத்த பழக்கம் இருந்தது. வாவிக்கு மேலே மலைச்சரிவில் உள்ள பெரிய ஹோட்டல். அங்கே சாமான் வாங்கும் அதிகாரியிடம் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் வயதுக்காரர், சிங்களவர், மரியாதையானவர். பப்படங்களை மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

“இது மெசினில் செய்தது” என்றார் ஆங்கிலத்தில்.

இல்லை, இவர் கையால் செய்தது என்று அண்ணியைக் காட்டினேன். இப்படிச் சொல்லிக்கொண்டு பலர் வருவார்கள் என்பது போல் சிரித்தார். தங்கள் விருந்தாளிகள் மெசின் சாமானை அவர்களுடைய நாட்டிலேயே போதுமான அளவு சாப்பிட்டுவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள் என்றும், கைபட்ட சாமானைத்தான் தேடுகிறார்கள் என்றும், இந்தப் பப்படத்தில் கை எங்கேயும் தெரியவில்லை என்றும் விளக்கினார்.

பஸ்ஸில் அண்ணியிடம் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியது. அண்ணி கேட்டார்:

“வட்டமா இருக்கிறது ஒரு குத்தமா தங்கச்சி? நான் கையாலதானே செய்றேன். காலால செஞ்ச மாதிரி இருந்தாத்தான் நம்புவாரா?”

“கொஞ்சம் கோணலாச் செஞ்சு பாருங்களேன் அண்ணி” என்றேன்.

சொல்வது சுலபமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் டின் மூடியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு வெறுங்கையால் தேய்த்தார். வட்டம். வேண்டுமென்றே கட்டையை ஒரு பக்கம் சாய்த்துத் தேய்த்தார். சற்றுப் பெரிய வட்டம். கண்ணை மூடிக்கொண்டும் தேய்த்துப் பார்த்தார். கை எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அது அண்ணி சொல்வதைக் கேட்கவில்லை. கடைசியில் கட்டையை என் பக்கம் தள்ளினார்.

“நீ செய். ஒனக்குத்தான் சமையல்ல ஒண்ணும் வராதே.”

என் வாழ்க்கையில் நான் தேய்த்த முதல் பப்படம் ஒரு காதுபோல வந்தது. இரண்டாவதில் ஒரு பக்கம் மூக்கு முளைத்திருந்தது. அண்ணி ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாதிரிக்கென்று ஹோட்டலுக்குப் போனவை அவைதான். அதிகாரி ஒன்றைக் கையில் எடுத்ததுமே முகம் மலர்ந்தார். இதுதான், இதைத்தான் கேட்டேன், பாருங்கள், இதில் பரம்பரை பரம்பரையாக வந்த கைப்பழக்கம் தெரிகிறது என்றார். நான் நன்றி சொன்னேன்.

ஆனால் ஹோட்டலுக்கு வாராவாரம் பப்படம் வேண்டும். எனக்கோ கோர்ட்டு அவசரம், காணி அவசரம். மேலும், தொடர்ந்து செய்யச் செய்ய எனக்கும் பப்படம் வட்டமாக வரத் தொடங்கியது. அண்ணி கார்மெண்டில் கற்ற இன்னொரு வித்தையை எடுத்தார். என் முதல் நாள் பப்படத்தில் நல்ல கோணலான ஒன்றை, அந்த மூக்கு வைத்ததை, பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதைக் கடதாசியில் வைத்துக் கோடு போட்டு, அளவு வெட்டி, பக்கத்து வீதித் தகரக் கடையில் கொடுத்து அதே வடிவத்தில் ஒரு தகர அச்சுச் செய்வித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஹோட்டலுக்குப் போன பப்படம் எல்லாம் ஒரே மூக்கோடு போயின. வெள்ளைக்காரர்கள் அவற்றைப் படம் எடுத்துக்கொள்வதாக அதிகாரி சந்தோஷமாகச் சொன்னார்.

அதில் மிஞ்சியதை அண்ணி வழக்கமாகப் பப்படம் கொடுக்கும் சந்திக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்கார முஸ்லிம் நானா பையைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார்.

“இதென்ன தங்கச்சி இப்பிடி ஈக்கி? எலி கடிச்சதா? ஆரு வாங்குற இத? மத்த வட்டமான சாமான் இல்லையா?”

அதனால் குசினியில் இரண்டு தகரங்கள் தொங்கின. ஒன்று ஊருக்கு, ஒன்று ஹோட்டலுக்கு. மாவு ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு மெனேஜர் என் மேசைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனையில் எஞ்சினியரிங் படிக்க வந்து, கண்டியை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர். நகருக்கு வெளியே உள்ள கைத்தொழிற்பேட்டையில் புதிதாகத் தொடங்கிய ஒரு பப்படத் தொழிற்சாலைக்கு அவர்தான் பொறுப்பு. மெசினைப் பற்றிப் பேசும்போது பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். மாவை ஒரு பக்கம் கொட்டினால் மறுபக்கம் காய்ந்த பப்படம் வருமாம்.

பொதியில் போடவேண்டிய ஆங்கில வாசகத்தை நீட்டினார். முதல் வரி ‘ஹேண்ட்மேட் பப்படம்’.

“உங்கட பெக்டரியில கை எங்க வருது?” என்று கேட்டேன்.

“சுவிச்சைப் போடுறது கைதானே அக்கா” என்றார். பிறகு அவருக்கே அது போதாது என்று பட்டிருக்க வேண்டும். “முதலாளிமார் அப்பிடித்தான் போடச் சொல்லினம். எனக்கும் விருப்பமில்லை. என்ரை மெசினுக்கு அது அவமானம் எண்டுதான் நான் நினைக்கிறன்.”

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. தேநீர் வரவழைத்தேன். பேச்சு நீண்டது. கீழே ஒரு வரியில் ‘மெனுபெக்சர்ட் பை’ என்று கம்பனியின் பெயர் இருந்தது. என் தொழிலில் அந்தச் சொல் வராத நாள் கிடையாது. எந்தப் போத்தலைத் திருப்பினாலும் அடியில் அது இருக்கும். அதன் பூர்வீகம் எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லிக்காட்ட இதுவரை ஒரு ஆள் அகப்பட்டதில்லை. அன்று அகப்பட்டார்.

“மேலே பொய், கீழே உண்மை என்று நினைக்கிறீங்க. கீழே இருக்கிறதும் அதே சொல்தான்” என்றேன்.

“எப்பிடி?”

‘மெனு’ என்பது லத்தீனில் கை, ‘பெக்சர்’ என்பது செய்தல். இரண்டும் சேர்ந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கையால் செய்வது என்பதுதான் பொருள். பிறகு கை செய்த வேலைக்கெல்லாம் யந்திரம் வந்தது. யந்திரம் வந்த இடத்தில் சொல்லும் தங்கிவிட்டது. கடைசியில் கையால் செய்யாததற்குத்தான் அந்தப் பெயர் என்று ஆகிவிட்டது. ஆகவே ஆங்கிலேயர்களுக்குக் கையால் செய்ததைச் சொல்ல ‘ஹேண்ட்மேட்’ என்று தனியாக ஒரு சொல் வேண்டியதாகிவிட்டது. ‘பெக்டரி’க்கும் வேர் அந்தச் செய்தல்தான், முன்பு வெளியூர் வியாபாரிகளின் முகவர்கள் சரக்கு வைத்து விற்ற இடத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. உண்மை என்று நாம் சொல்லும் ‘ஃபேக்ட்’கூட அதே வேர்தான், செய்யப்பட்டது என்று அர்த்தம்.

மெனேஜர் தேநீரை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப உண்மையும் செய்யிற சாமான்தானோ?”

“சொல்லின்படி அப்படித்தான்.”

“அப்ப லத்தீனிலை நாங்கள் பொய் சொல்லேல்லை!” அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “நீங்கள் தமிழிலையும் கையால செய்தது எண்டு போடலாம்தானே?”

நான் முடியாது என்றேன். லத்தீன் தெரிந்தவர்கள் பப்படம் வாங்குவதில்லை; தமிழ் தெரிந்தவர்கள் வாங்குவார்கள். அவர் கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லில் எங்காவது கை என்று ஒரு எழுத்து வந்தால் போதும், முதலாளிமாரைச் சமாளித்துவிடுவேன் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வேலை செய்யும் இடத்தின் பெயரே கைத்தொழிற்பேட்டை. நம் நாட்டில் சீமெந்து ஆலையும் கைத்தொழில்தான், டயர் ஆலையும் கைத்தொழில்தான். அதற்கென்று ஒரு அமைச்சே இருக்கிறது. எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். முன்னால் ஒரு கை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஒருநாளும் கவனித்ததில்லை. லத்தீன்காரர்களுக்கு நடந்தது நமக்கும் நடந்திருக்கிறது.

‘கைத்தொழில் உற்பத்தி’ என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. எந்த அலுவலகத்துக்கு எடுத்துப் போனாலும் தொழிற்சாலையில் செய்த சாமான் என்றே அதைப் படிப்பார்கள். மெனேஜர் ‘கை’ என்ற எழுத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது காணும் அக்கா, இது போதும்” என்று சொல்லிக்கொண்டு எழுந்தார்.

எழுந்தவர் போகவில்லை. என் மேசையில் மத்தியானச் சாப்பாடு பிரித்திருந்தது. சோற்றின்மேல் அண்ணியின் ஹோட்டல் பப்படம் ஒன்று, மூக்கோடு.

“இது ஆர் செய்தது?”

என் அண்ணி என்றேன். ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தேன். மென்றுகொண்டே நின்றார்.

“எங்கட பப்படம் பொரிச்சா இப்பிடிப் பொங்குதில்லை. மூண்டு மாசமா மண்டையை உடைக்கிறன். அவவைப் பாக்கலாமோ?”

அந்த வாரமே கட்டுகஸ்தோட்டைக்கு வந்தார். அண்ணி அவரைக் குசினிக் கதவுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்ற வைத்து உள்ளே விட்டார். நான் எதிர்பார்த்தது வேறு. வீட்டில் செய்பவருக்கும் மெசின்காரருக்கும் நடுவே மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்து, சமாதானமாகப் பேச வேண்டிய வாக்கியங்களைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர்களுக்கு நான் தேவைப்படவே இல்லை. அண்ணி மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மெசினைப் பற்றித்தான் கேட்டார்.

“உருட்டுறதும் அதுவேதான் செய்யுமா?”

“ஓம்.”

“இடிக்கிறது?”

“இடிக்கிறதில்லை. பிசையிறது மட்டும்தான்.”

“அதான் பொங்கல. இடிக்காம எப்புடிங்க பொங்கும்?”

மெனேஜர் அப்படியே குசினி வாங்கில் உட்கார்ந்துவிட்டார். மாவைப் பிசைந்த பிறகு அழுத்தி அடிக்க ஒரு பாகம் பொருத்தலாமா என்று இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். கார்மெண்டில் ஊசி எப்படி ஏறி இறங்கும் என்று அண்ணி காட்டினார். மெனேஜர் அதை உலக்கையாக நினைத்துப் பார்த்தார். அவர் புறப்படும்போது அண்ணிக்கு வேலை நிச்சயமாகியிருந்தது. ஹோட்டல் தகரத்தை அண்ணி தானாகவே எடுத்துக் கொடுத்தார்.

“இதையும் கொண்டு போங்க. இந்த வடிவத்துல வெட்டுனா கையால செஞ்சதுன்னு நம்புவாங்க.”

இப்போது அந்த மெசின் என் முதல் நாள் கோணலை ஓயாமல் வெட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கு ஒருநாளும் இடம் மாறுவதில்லை. ஹோட்டல் அதிகாரி வீட்டுப் பப்படத்தை நிறுத்திவிட்டு அந்தப் பொதியைத்தான் வாங்குகிறார். முன்பு வந்ததைவிட இதில் கைப்பழக்கம் கூடுதலாகத் தெரிகிறது என்று என்னிடமே சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து கதிர்காமம் போகும் வழியில் கண்டிக்கு வந்த ஒரு தம்பதி, போட்டோக்கொப்பிக் கடையில் பாஸ்போர்ட் பிரதி எடுக்கும்போது கையில் அந்தப் பொதியை வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஊரில் கைத்தொழில் என்றால் குடிசையில் கையால் செய்வது. “பாருங்க, இன்னும் இந்த ஊர்ல கைத்தொழில விடாம காப்பாத்துறாங்க” என்று அந்த அம்மா கணவரிடம் சொன்னார். நான் பிரதிகளை எடுத்துக் கொடுத்தேன்.

பொதியில் படம் போட ஒரு கை வேண்டும் என்று முதலாளிமார் கேட்டிருந்தார்கள். படமெடுப்பவர் வீட்டுக்கு வந்தார். அண்ணியின் ஆள்காட்டி விரலில் கார்மெண்ட் ஊசி ஏறி இறங்கிய தழும்பு இருக்கிறது. நகம் அங்கே இரண்டாகப் பிளந்து வளரும். உள்ளங்கையில் எண்ணெய் சுட்ட அடையாளங்கள். அவற்றைப் பார்த்துப் படமெடுப்பவர் கமராவை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். இப்போது கண்டிக் கடைகளில் மாவு பூசிக்கொண்டு தொங்கும் அந்தக் கை என்னுடையது. அண்ணிக்கு இதில் மட்டும்தான் மனத்தாங்கல். “வேல செய்றது நானு, வெளம்பரம் ஒனக்கா?” என்று ஒரு வாரம் எனக்குக் கறி குறைத்துப் போட்டார்.

தொழிற்சாலைச் சுவருக்கு ஒரு அறிவித்தல் மொழிபெயர்க்கச் சொல்லி அடுத்து வந்தது. ‘மாவை வெறுங்கையால் தொடக் கூடாது.’ எழுதிக் கொடுத்தேன். அதை அண்ணியின் மேசைக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கிறார்கள். அண்ணி கையுறை போட்டுக்கொண்டு, மெசின் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு, மாவு சரியில்லாவிட்டால் நிறுத்தச் சொல்வார். கவலையாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன்.

“என்னா கவல? இடுப்பு வலி போயிருச்சு. மத்தியானத்துல ஒக்காந்து சாப்புடுறேன். நீ வேணும்னா வந்து கையால தேய்” என்றார்.

உடுப்பில் குத்திக்கொள்ளும் அட்டையில் அவருக்கு என்ன பதவி போடுவது என்று மெனேஜர் கேட்டபோதுதான் அண்ணி முதல் தடவையாக ஒரு சொல்லுக்காகப் பிடிவாதம் பிடித்தார். சுப்பர்வைசர் வேண்டாம், அந்தச் சொல்லைக் கார்மெண்டிலேயே போதும் போதும் என்று கேட்டாயிற்று. ‘பப்படமேக்கர்’ என்று போட வேண்டும் என்றார்.

எனக்கு உடனே விளங்கியது. மெனேஜருக்கு நான் விளக்க வேண்டியிருந்தது. தோட்டத்துத் தேயிலை பெக்டரியைப் பொறுப்பாகப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு டீமேக்கர் என்று பெயர். ஆங்கிலத்தில் தேயிலை செய்பவர். கொழுந்தை வாட்டுவது, அரைப்பது, சலிப்பது எல்லாம் மற்றவர்கள். அவர் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துச் சரி, சரியில்லை என்பார். அவருக்குத் தனி பங்களா. அவர் வந்தால் வேலையாட்கள் தலைத் துவாயை அவிழ்த்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். அவர் குடிக்கிற தேநீரைக்கூட வேறு ஒருவர்தான் ஊற்றிக் கொடுப்பார். அண்ணியின் அப்பா அந்த பெக்டரியில் அரைக்கும் மெசினுக்குக் கொழுந்து கொட்டுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தவர் அவர்; செய்பவர் என்ற பெயர் மட்டும் டீமேக்கர் ஐயாவுக்கு.

“நல்ல பேர்தானே” என்று மெனேஜர் ஒப்புக்கொண்டார். அட்டையும் வந்தது.

தைப்பொங்கலுக்கு நாங்கள் நாவலப்பிட்டிக்குப் போனோம். அண்ணி அட்டையைச் சேலையில் குத்திக்கொண்டே வந்தார்; பஸ் முழுக்க ஆட்கள் பார்த்தார்கள். அப்பா வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். முதலில் பப்படம் என்ற சொல்லில் சிரித்தார். ‘மேக்கர்’ என்பதை வாசித்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

“கையால எதையும் தொடுறதில்லையா?”

“தொடக் கூடாதுப்பா. போர்டு போட்டிருக்காங்க.”

அவர் மெல்லக் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். விளையாட்டா, பழக்கமா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

“ஒக்காருங்கப்பா!” என்று அண்ணி அதட்டினார். அவர் உட்கார்ந்தார். அண்ணி அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, பொங்கலுக்கு அரிசி கழுவ உள்ளே போனார்.